நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியும் 29 இலக்க எண்ணும்

சிரவணபெளகொளாவின் குன்றின்மேல் நின்றருளும் பாகுபலி பெருமானை வணங்கிவர நம்மவர் பலர் செல்கின்றனர். அத்திருவுருவை அமைப்பித்த சாமுண்டராயரின் பெயரை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். ஆனால் சாமுண்டராயருக்கு ஞானாசிரியராக விளங்கிய நேமிசந்திர ஆசார்யரோ நம்மில் பலருக்குப் பெயரளவிலேயே அறிமுகமாகியுள்ளார். அவர் இயற்றியருளிய கோம்மடசாரத்தில் ஒரு காதை உண்டு. அக்காதையின் இருபத்தொன்பது எழுத்துகளில் இருபத்தொன்பது இலக்கமுடைய ஓர் எண் பொதிந்து வைக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணை முன்னிட்டு அப்பெரியாரின் வரலாற்றை இங்கு எழுத முற்படுகிறோம்.

நேமிசந்திரர் பத்தாம் நூற்றாண்டினர், திகம்பர முனிவர். அபயநந்தி, இந்திரநந்தி, வீரநந்தி ஆகிய ஆசார்யர்களைத் தம் நூலில் குருமாராகப் போற்றுகிறார். அவர்களிடம் அவர் கற்றது, புஷ்பதந்தரும் பூதபலியும் அருளிய ஷட்கண்டாகமம் ஆகும். கிர்நார் மலையில் தரசேன ஆசார்யரிடம் கேட்டுணர்ந்த ஆகமப் பொருளை அவ்விருவரும் ஆறு கண்டங்களாக வகுத்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேன ஆசார்யர் அதற்குத் தவளம் என்னும் பேருரை கண்டார். அவ்வுரை எழுபத்தீராயிரம் சுலோக அளவினது. அக்கடலை நீந்திக் கரை கண்டவர் நேமிசந்திரர். பரத கண்டத்தின் ஆறு பகுதிகளையும் சக்கரத்தால் வென்றவன் சக்கரவர்த்தி எனப்படுவதுபோல, ஆகமத்தின் ஆறு கண்டங்களையும் அறிவென்னும் சக்கரத்தால் வென்றமையால் அவர் சித்தாந்த சக்கரவர்த்தி எனப்பட்டார்.

அக்காலத்தில் கங்க மன்னர்களான மாரசிம்மனுக்கும் இராசமல்லனுக்கும் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்தவர் சாமுண்டராயர். போர்க்களத்தில் வெற்றி பல பெற்ற அவர் நூலறிவும் உடையவர். கன்னட உரைநடையில் 978ஆம் ஆண்டில் சாமுண்டராய புராணத்தை எழுதி முடித்தார். அவருக்குக் கோம்மடர் என்னும் பெயரும் வழங்கியது. போதனபுரத்துப் பாகுபலியைக் காணாமல் பால் அருந்துவதில்லை என நோன்பு பூண்ட அன்னையாருடன் அவர் பயணம் புறப்பட்டதையும், நேமிசந்திரர் உடன் சென்றதையும், வழியில் கண்ட கனவின்படி சந்திரகிரியில் நின்று அம்பு எய்து எதிர்க்குன்றில் பெருமானைக் கண்டதையும் நம் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். கதை எவ்வாறாயினும், ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள அத்திருவுருவம் இன்றும் நிற்கிறது. அதன் பிரதிஷ்டை 981ஆம் ஆண்டில் நிகழ்ந்ததெனப் பெரும்பாலோர் கொள்வர். திருவடியின் அருகே சாமுண்டராயர் செய்வித்த செய்தி கன்னடத்தில் மட்டுமன்றித் தமிழிலும் பொறிக்கப்பட்டிருத்தல் நமக்குப் பெருமை தருவதாகும்.

கோம்மடசாரம் தோன்றியதற்கு ஒரு காரணத்தைக் கர்ணபரம்பரையாகக் கூறுவர். ஒருநாள் ஆசார்யர் சித்தாந்த ஏட்டை ஓதிக்கொண்டிருந்தார். சாமுண்டராயர் வணங்கி அருகில் அமரவே, ஆசார்யர் ஏட்டை மூடி வைத்தார். காரணம் வினவியபோது, சித்தாந்த ஏடுகளை ஓதும் உரிமை இல்லறத்தார்க்கு இல்லை என்று விடை வந்தது. அவ்வாறாயின் இல்லறத்தார் அப்பொருளை அறிவது எங்ஙனம் என்று சாமுண்டராயர் வருந்தினார். அவ்வருத்தத்தைப் போக்கவே ஆகமத்தின் சாரத்தைத் திரட்டி, கோம்மடரின் பெயரால் கோம்மடசாரம் செய்தருளினார் என்பர். ஜீவகாண்டம், கர்மகாண்டம் என்னும் இரு பகுதிகளாகப் பிராகிருத மொழியில் 1,700க்கும் மேற்பட்ட காதைகளால் அமைந்தது அந்நூல். இலப்திசாரம், திரிலோகசாரம் முதலிய நூல்களும் அவர் இயற்றியவை.

மூடிய ஏட்டின் பொருளை இல்லறத்தாரிடம் ஒப்படைத்தபோது, அவர்கள் தாமே சரிபார்த்துக்கொள்ளத்தக்க வழியையும் நேமிசந்திரர் உடன் கொடுத்தார் என்றே நாம் கருதுகிறோம். அதற்குச் சான்று அந்த 29 இலக்க எண். அதனை முதலில் கண்ணாரக் காண்போம். ஒரு கோடிக்கு ஏழு இலக்கமாகப் பிரித்து எழுதினால் அது வருமாறு:

7,9228162,5142643,3759354,3950336.

முதற்பார்வைக்கு இதில் எவ்வித ஒழுங்கும் புலப்படாது. இதனை மனப்பாடம் செய்யச் சொன்னால் எந்த மாணவனும் அஞ்சுவான். ஆனால் இதன் பிறப்பை அறிந்தவனுக்கு அச்சம் இல்லை. 2 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதனை அதனாலேயே பெருக்க 4. இது முதல் வர்க்கம். நான்கை நான்கால் பெருக்க 16. இது இரண்டாம் வர்க்கம். பதினாறைப் பதினாறால் பெருக்க 256, மூன்றாம் வர்க்கம். அதனை அதனாலேயே பெருக்க 65,536, நான்காம் வர்க்கம். ஐந்தாம் வர்க்கம் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296, அதாவது 4294967296. ஆறாம் வர்க்கம் 20 இலக்கமுடையது: 18446744073709551616.

இவ்வரிசையைத் திரிலோகசாரத்தில் நேமிசந்திரர் இரண்டின் வர்க்கத் தாரை எனக் கூறுகிறார். பெரிய எண்களை நினைவிற் கொள்ள அவற்றின் முதலிலக்கங்களையே பெயராக வழங்கினர் நம் முன்னோர். 65,536க்குப் பண்ணட்டி என்று பெயர். அது அறுபத்தைந்து என்னும் பொருளது. ஐந்தாம் வர்க்கத்திற்கு பாதாலம் என்று பெயர். நாற்பத்திரண்டு என்பது பொருள். ஆறாம் வர்க்கம் ஏகட்டி. ஒன்றும் எட்டும் என்பது பொருள். சதுரங்கத்தின் 64 கட்டங்களில் ஒரு நெல், இரு நெல், நான்கு நெல் என இரட்டித்து வைத்துக் கூட்டும் பழங்கணக்கை நாம் அறிவோம். அக்கூட்டுத்தொகையினும் ஒன்றே மிகுந்தது ஏகட்டி. கணிப்பொறித் துறையினர் நாள்தோறும் கையாளும் எண்களும் இவையே. இணையத்தின் பழைய முகவரி முறையில் இடம்பெறக்கூடிய முகவரிகளின் மொத்த எண்ணிக்கை மிகச் சரியாக ஒரு பாதாலம் ஆகும்.

பாதாலத்தையும் ஏகட்டியையும், அதாவது ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும், ஒன்றோடொன்று பெருக்கக் கிடைப்பதே நமது 29 இலக்க எண். ஏகட்டி என்பது பாதாலத்தின் வர்க்கமே ஆதலால், இவ்வெண்ணைப் பாதாலத்தின் கனம் என்றும் சொல்லலாம். இதே எண் வர்க்க எண்ணுமாகும்; 281474976710656 என்பதை அதனாலேயே பெருக்கினும் இதுவே வரும். பண்ணட்டியை ஆறுமுறை எழுதிப் பெருக்கினும் இதுவே வரும். இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் தொண்ணூற்றேழு மட்டுமே. ஒன்று நீங்கலாக அவை யாவும் இரண்டைத் திரும்பத் திரும்பப் பெருக்கியதால் வந்தவை. மூன்று, ஐந்து, ஏழு முதலிய எவ்வொற்றை எண்ணாலும் இது மீதியின்றி வகுபடாது.

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சுமோ, அத்தனையும் அதன் அர்த்தச்சேதம் எனப்படும். எட்டைப் பாதியாக்க நான்கு, இரண்டு, ஒன்று. எனவே எட்டின் அர்த்தச்சேதம் மூன்று. வீரசேனர் கையாண்ட இக்கருவியைத் திரிலோகசாரத்தில் நேமிசந்திரர் விதிகளாகவே வகுத்துத் தந்தார். இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும், வகுத்தால் கழியும். பாதாலத்தின் அர்த்தச்சேதம் 32, ஏகட்டியினது 64. இரண்டையும் கூட்ட 96. ஆகவே 29 இலக்க எண்ணைத் தொண்ணூற்றாறு முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சும். ஒருமுறை கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது. பெரும்பெருக்கலைச் சிறு கூட்டலாக மாற்றும் இவ்வுண்மையே, 1614ஆம் ஆண்டில் ஜான் நேப்பியர் வெளியிட்ட மடக்கைக்கும் உயிராக உள்ளது. இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை என்று இன்றைய பாடநூல்கள் கூறுவதும் அர்த்தச்சேதமும் ஒன்றே.

இனி, இவ்வெண்ணைக் காதையில் வைத்த முறையைக் காண்போம். கடபயாதி என்னும் எழுத்தெண் முறையை அவர் பயன்படுத்தினார். வடமொழி நெடுங்கணக்கில் 'க' முதலாக ஒன்பது எழுத்துகளுக்கும், 'ட' முதலாக ஒன்பது எழுத்துகளுக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பு. 'ப' முதலாக ஐந்து எழுத்துகளுக்கு ஒன்று முதல் ஐந்து. 'ய' முதலாக எட்டு எழுத்துகளுக்கு ஒன்று முதல் எட்டு. 'ஞ', 'ந' முதலியன சுழியம் ஆகும். ஏறிய உயிர் எதுவாயினும் மதிப்பு மாறாது. வலமிருந்து இடமாக, அதாவது முதலெழுத்தை ஒன்றாம் இடமாகக் கொண்டு படிக்க வேண்டும். கருநாடக இசை பயின்ற நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதன்று. மாயாமாளவகௌளை என்னும் இராகப் பெயரில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று. திருப்பிப் படிக்கப் பதினைந்து. அவ்விராகம் பதினைந்தாம் மேளம். இதே முறையில் அமைந்த காதையின் முதலெழுத்து 'த', அது 6. எண்ணின் கடைசி இலக்கமும் 6. காதையின் இருபத்தொன்பதாம் எழுத்து 'ஸா', அது 7. எண்ணின் முதல் இலக்கமும் 7. இடைப்பட்ட இருபத்தேழும் ஒன்று தவறாமல் பொருந்துவதை நாம் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம்.

இத்துணை முயற்சி எதற்கு என்று கேட்கலாம். ஓலையில் எழுதிய நூல் சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் மறுபடி எழுதப்பட வேண்டும். இல்லையேல் செல்லரித்து அழியும். எழுதுவோர் கை தவறும். கன்னட எழுத்தில் 'ம', 'வ' இரண்டும் உருவத்தால் நெருங்கியவை. கடபயாதியில் 'ம' ஐந்து, 'வ' நான்கு. ஓர் எழுத்தை மாற்றி எழுதினால் ஓர் இலக்கம் மாறிவிடும். கோடி கோடி என வளரும் எண்ணில் அப்பிழை எவர் கண்ணிற் படும்? இங்கேதான் எண்ணின் பிறப்பு நமக்குத் துணை வருகிறது. ஐயம் எழுந்தால் ஏட்டை நம்பியிருக்க வேண்டுவதில்லை. இரண்டிலிருந்து தொடங்கிப் பெருக்கிப் பார்க்கலாம். அல்லது பாதியாக்கிக்கொண்டே வரலாம். ஓர் இலக்கம் தவறியிருப்பினும் தொண்ணூற்றாறாம் முறை ஒன்று எஞ்சாது.

இதனினும் எளிய சோதனைகளை இன்றைய பள்ளிக் கணக்கைக் கொண்டே செய்யலாம். இரண்டை மேன்மேலும் இரட்டித்து ஒன்பதால் வகுத்தால் 2, 4, 8, 7, 5, 1 என்னும் மீதிகள் ஆறு ஆறாகச் சுழன்று வரும். தொண்ணூற்றாறு ஆறின் மடங்காதலால் மீதி 1 வர வேண்டும். நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 127. அதனைக் கூட்டப் பத்து. பத்தைக் கூட்ட ஒன்று. சரியாக உள்ளது. ஆயினும் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் இச்சோதனை காட்டிக்கொடாது. அதற்குப் பதினொன்றின் சோதனை வேண்டும். பதினொன்றால் வகுக்கும்போது மீதிகள் பத்து பத்தாகச் சுழலும். தொண்ணூற்றாறாம் இடத்தில் 9 வர வேண்டும். வலமிருந்து ஒற்றை இடங்களின் கூட்டுத்தொகை 79, இரட்டை இடங்களின் கூட்டுத்தொகை 48, வேறுபாடு 31, அதனைப் பதினொன்றால் வகுக்க மீதி 9. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓலையில் எழுதப்பட்ட எண் ஓர் இலக்கமும் சிதையாமல் நம் கைக்கு வந்துள்ளது.

இவ்வெண் எதனைக் குறிக்கிறது? பரியாப்தி நிறைந்த மனிதர்களின் தொகையைக் குறிப்பதாக ஆசார்யர் கூறுகிறார். உடல், பொறி, உயிர்ப்பு, மொழி, மனம் முதலிய ஆற்றல்கள் நிறைவெய்தியவரே பரியாப்தர். அவருள் முக்காற் பங்கினர் பெண்டிர் என்றும் அடுத்துக் கூறுகிறார். எண் நான்கால் மீதியின்றி வகுபடுவதால் முக்காற் பங்கும் பின்னமின்றி அமைகிறது. இவ்விடத்தில் நம் பேரப்பிள்ளைகள் ஒரு வினா எழுப்புவர். உலக மக்கள்தொகை 2022ஆம் ஆண்டில் 800 கோடியைத் தொட்டது. அது பத்திலக்க எண். 29 இலக்கம் எங்ஙனம் பொருந்தும் என்பர். ஆகமம் பேசுவது இரண்டரைத் தீபங்களாகிய மனித உலகம் முழுவதையும் பற்றியது. ஒரு நாட்டின் குடிக்கணக்கு அன்று. அவ்வுலகம் ஆகமத்தால் அறியப்படுவது. பெருக்கல் வாய்பாட்டால் நிறுவப்படுவது அன்று. முன்னோர் மொழிந்த எண் பிழையின்றி வந்துள்ளதா என்பதை மட்டுமே கணக்கு நமக்குக் காட்டும். இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் மறையாது கூறுதலே நன்று. சமயத்தின்பால் அவர்கள் கொள்ளும் மதிப்பு அதனால் குறையாது.

ஆயினும் அவ்வெண் நிற்கும் இடத்தை நோக்கினால் ஆசார்யரின் கருத்து தெளிவாகும். எண்ணத்தக்கது, எண்ணற்கரியது, முடிவிலது என மூவகையாக அளவைப் பகுப்பது நம் மரபு. நரகரும் தேவரும் எண்ணற்கரியவர். விலங்கு கதியைச் சேர்ந்த உயிர்களுக்கு முடிவே இல்லை. நாற்கதிகளுள் நிறைவுற்ற மனிதர்க்கு மட்டுமே ஒன்று, இரண்டு என இலக்கமிட்டு எழுதத்தக்க தொகை உண்டு. அஃதாவது, நாம் வாய் திறந்து படிக்கவும் மலைக்கும் இப்பேரெண், நாற்கதிகளை எண்ணும் கணக்கில் மிகச் சிறியது. வீடுபேற்றிற்கு வாயிலாவது மனிதப் பிறவி ஒன்றே. அதுவோ அத்துணை அரிது. அரிது என்று வாயளவில் கூறுவோர் பலர். எவ்வளவு அரிது என்பதை இலக்கமிட்டு இல்லறத்தார் கையில் கொடுத்தவர் நேமிசந்திரர்.

அவர் பணி அவரோடு நிற்கவில்லை. மாணாக்கராகிய மாதவசந்திர திரைவித்தியர் திரிலோகசாரத்திற்கு உரை வகுத்தார். 1359ஆம் ஆண்டில் கேசவவர்ணி கோம்மடசாரத்திற்குக் கன்னடத்தில் விரிவுரை கண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெய்ப்பூரைச் சேர்ந்த பண்டித தோடர்மல்லர், தம் காலத்து மக்கள் மொழியில் அதனை விளக்கி, கணக்குப் பகுதிகளுக்குத் தனியே ஒரு பகுதி எழுதினார். தவள ஏடுகள் மூடபித்ரியில் நெடுங்காலம் வெளியுலகின் கண்ணிற் படாமல் இருந்தன. அக்காலமெல்லாம் சித்தாந்தப் பொருளை நாடெங்கும் உள்ள சிராவகர் அறிந்தது கோம்மடசாரத்தின் வாயிலாகவே. பண்டித ஹீராலால் ஜைன் பதிப்பித்த தவளத்தின் முதல் தொகுதி 1939ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் அதன் கணிதச் சிறப்பை ஆராய்ந்து எழுதியபோது, அர்த்தச்சேத விதிகளின் தொன்மை அறிஞருலகிற்குப் புலனாயிற்று. சுவேதாம்பரர் போற்றும் அனுயோகத்துவார சூத்திரமும் மனிதர் தொகையை 29 இடங்கள் உடையது, ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கியது, தொண்ணூற்றாறு முறை பாதியாவது என்றே கூறுகிறது. பல செய்திகளில் வேறுபட்டு நிற்கும் இரு பிரிவினரும் இவ்வெண்ணில் ஓர் இலக்கமும் வேறுபடவில்லை.

பள்ளி விடுமுறை நாள்களில் நம் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒரு தாளில் ஒன்று என எழுதச் செய்து, அதனை இரட்டித்துக்கொண்டே வரச் சொல்வோமாக. ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண் இடுதல் வேண்டும். முப்பத்திரண்டாம் முறை பாதாலம் வரும். அறுபத்து நான்காம் முறை ஏகட்டி வரும். இடையில் பிழை நேர்ந்தால் அவ்விடங்களில் தெரிந்துவிடும். திருத்திக்கொண்டு மேலே செல்லலாம். தொண்ணூற்றாறாம் முறை வந்து நிற்கும் எண்ணை இங்கு அச்சிட்டுள்ள எண்ணோடு ஒப்பிடட்டும். இலக்கம் இலக்கமாக இரண்டும் பொருந்துவதைக் காணும்போது, சாமுண்டராயரின் பொருட்டு மூடிய ஏட்டின் பொருளைத் திறந்து தந்த ஆசார்யரை அவர்கள் தாமாகவே வணங்குவர்.

ஜினவறம் வாழ்க!